டொர்னேடோ வார்னிங் வந்தால் விழாவை நிறுத்துங்கள்: தமிழ்ச் சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

போன மாதக் கூட்டத்தின் குறிப்பைப் படித்தேன். "வானிலை அவசரத் திட்டம் பற்றிப் பேசப்பட்டது. மக்களைத் தேவையில்லாமல் பயமுறுத்த வேண்டாம் என்று முடிவானது. அடுத்த ஆண்டும் அதே அரங்கம்." மூன்றே வரி. அதற்குக் கீழே வாழை இலை எங்கே வாங்குவது என்பது பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. அந்த மூன்று வரியை என்னால் சும்மா விட முடியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். சங்கத்தின் பெயரைப் போடவில்லை. வட டெக்சாஸில் இருக்கும் பல தமிழ் அமைப்புகளில் நாமும் ஒன்று; மற்ற இடங்களிலும் நிலைமை பெரிதாக மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

சித்திரை விழா அன்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் குறிப்பில் அது "லேசான மழைக் குறுக்கீடு" என்று இருக்கிறது.

அன்று மதியத்திலிருந்தே நம் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) டொர்னேடோ வாட்ச் இருந்தது. டொர்னேடோ என்றால் மேகத்திலிருந்து தரை வரை சுழன்று இறங்கும் காற்று. அதாவது அதற்கான சூழ்நிலை கூடிவருகிறது, காதைத் திறந்து வைத்திருங்கள் என்று அர்த்தம். மாலையில் சின்னப் பிள்ளைகளின் நடனம் போய்க்கொண்டிருந்தபோது வார்னிங் வந்தது. ரேடாரில் சுழற்சி தெரிந்தால், அல்லது யாராவது கண்ணாலேயே பார்த்திருந்தால்தான் வார்னிங் கொடுப்பார்கள். அது வந்துவிட்டால் யோசிக்க நேரமில்லை, ஒதுங்க வேண்டியதுதான். அரங்கத்தில் இருந்த அத்தனை போனும் ஒரே சமயத்தில் அலறின. மைக்கைப் பிடித்திருந்த அண்ணன் சொன்னது இது: "எல்லாரும் போனை சைலன்ட்ல போட்டுருங்க, பிள்ளைங்க ஆடுறாங்க."

பலர் சிரித்துக்கொண்டே சைலன்ட்டில் போட்டார்கள். சிலர் வாசலுக்குப் போய் வானத்தை வீடியோ எடுத்தார்கள். சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினார்கள். நான் வகுப்பறைகளுக்கு நடுவே இருக்கும் நடைபாதைக்குப் போகிற கதவைத் தள்ளிப் பார்த்தேன். பூட்டியிருந்தது. நாம் வாடகைக்கு எடுத்தது அரங்கமும் முன்கூடமும் மட்டும்தான், வகுப்பறைப் பக்கம் திறக்க மாட்டார்கள் என்று வரவேற்பு மேசையில் சொன்னார்கள். சாவி பள்ளிக் காவலாளியிடம் இருக்கிறது, காவலாளி எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மேடைக்குப் பக்கத்தில், தங்கள் முறைக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பிள்ளைகள். பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, முகம் முழுக்கப் பவுடர். யாரும் சொல்லாமலே அவர்கள் கண்ணாடிக் கதவை விட்டு விலகி உட்சுவரோரம் போனார்கள். சுவரைப் பார்த்து முட்டிபோட்டு, தலையைத் தரையோடு குனிந்து, இரண்டு கையையும் பின்கழுத்தின் மேல் கோத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பதை அப்படியே செய்தார்கள். "பாரேன், எவ்ளோ அழகா உக்காந்திருக்குதுங்க" என்று பெரியவர்கள் போட்டோ எடுத்தார்கள். அந்த அரங்கத்தில் சரியானதைச் செய்தது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான்.

வார்னிங் நேரம் முடிந்தது, நம் பக்கம் எதுவும் இறங்கவில்லை. விழா தொடர்ந்தது. இரவே குழுவில், "நம்ம பறைச் சத்தத்துக்குப் பயந்து டொர்னேடோ ஓடிப்போச்சு" என்று செய்தி வந்தது. சரி, சிரித்துக்கொள்ளலாம். அதே மனநிலையில் ஒரு தீர்மானமும் போட்டுவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கான்கிரீட் சுவர் வைத்த பெரிய கட்டடம், இதைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்று கூட்டத்தில் கேட்டார்களாம். நம் ஊர்ப் பழக்கத்தில் அது நியாயமான கேள்விதான். வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போய்ப் பழகியவர்கள் நாம். ஆனால் டொர்னேடோவுக்கு அரங்கம், ஜிம்னாசியம், உணவுக்கூடம், பெரிய கடை எல்லாமே மோசமான இடம். நடுவில் சுவர் இல்லாத அகலக் கூரையைக் காற்று மேல்நோக்கி இழுக்கிறது. கூரை கழன்றதும் அந்த உயரமான சுவர்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இருப்பதில்லை. மூடி போன அட்டைப்பெட்டி மாதிரி மடிந்து விழுகின்றன. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரில் ஹோம் டிப்போ கடையின் சுவர்கள் அப்படித்தான் சாய்ந்தன. 2021 டிசம்பர் 10 இரவு இலினாயின் எட்வர்ட்ஸ்வில்லில் அமேசான் கிடங்கு இடிந்து 6 பேர் செத்ததும் இந்த வகைக் கட்டடத்தில்தான். கீழ்த்தளத்துக்குப் போ, கட்டடத்தின் நடுப்பகுதிக்குப் போ, ஜன்னல் இல்லாத சின்ன அறையிலோ உள் நடைபாதையிலோ உட்கார், தலையை மூடிக்கொள் என்று தேசிய வானிலைச் சேவை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நமக்கு அன்று தேவைப்பட்ட இடம் அந்தப் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

1994 மார்ச் 27 பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. குருத்து ஞாயிறு. அலபாமாவில் பீட்மான்ட் ஊருக்குப் பக்கத்தில் கோஷன் என்ற இடத்து மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பண்டிகை நாள், குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். டொர்னேடோ வார்னிங் சில நிமிடங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. கூரை இடிந்து 20 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு, போதகரின் நான்கு வயது மகளும் உண்டு. அப்போது போனில் எச்சரிக்கை வருகிற காலம் இல்லை. வானிலை ரேடியோ (எச்சரிக்கை வந்ததும் தானாகவே ஒலிக்கும் ரேடியோ) நாடு முழுக்கப் போய்ச் சேர வேண்டும் என்ற முயற்சி வேகம் பிடித்ததே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். அவர்களுக்குச் செய்தி வரவில்லை. நமக்கு வந்தது. நாம் சைலன்ட்டில் போட்டோம்.

"பத்து வார்னிங் வந்தா ஏழு சும்மா" என்று பொருளாளர் சொன்னதாகக் கேள்வி. கணக்கு ஏறக்குறைய சரிதான். பத்தில் ஏழு வார்னிங்குகளில் டொர்னேடோ தரை தொடுவதில்லை. அப்படியென்றால் மீதி மூன்றில் தொடுகிறது. பத்துக்கு மூன்று தடவை கூரை விழலாம் என்று எஞ்சினீயர் சொல்கிற மண்டபத்தில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? இன்னொன்று, முன்பெல்லாம் கவுண்டி முழுமைக்கும் வார்னிங் கொடுப்பார்கள். 2007 அக்டோபரிலிருந்து புயல் போகிற திசையைப் பார்த்து, வரைபடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். அன்று நம் போன்கள் அலறியதற்குக் காரணம் நாம் அந்தக் கட்டத்துக்குள் இருந்தது.

ஜாப்ளினில் 158 பேர் டொர்னேடோவில் நேரடியாக இறந்தார்கள். பிறகு நடந்த அரசு ஆய்வுகளில் வெளிவந்த விஷயம், பலர் முதல் சைரனைக் கேட்டும் நகரவில்லை என்பதுதான். அடிக்கடி கேட்டுக் கேட்டுச் சைரன் பழகிப்போயிருந்தது. இன்னொரு அறிகுறி வரட்டும், கண்ணால் பார்க்கலாம், டிவியில் என்ன சொல்கிறார்கள் என்று காத்திருந்தார்கள். நாம் இப்போது இருக்கும் ஊருக்கு இது நன்றாகப் பொருந்தும். இங்கே டாலஸில் 2017 ஏப்ரல் 7 நள்ளிரவை ஒட்டி யாரோ ஹேக்கர் கைவைத்து 156 சைரன்களும் ஒரே நேரத்தில் ஊளையிட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். அப்புறம், வட டெக்சாஸின் பல நகரங்களில் 70 மைல் வேகக் காற்றுக்கும் பெரிய ஆலங்கட்டி மழைக்கும்கூட அதே சைரன்தான் ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், சைரன் வைத்திருப்பதே வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக. ஸ்பீக்கர் போட்டுப் பறையடிக்கிற அரங்கத்துக்குள் அது கேட்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

காருக்கு ஓடியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழி சொல்ல அங்கே யாரும் இல்லாததால்தான் அவர்கள் ஓடினார்கள். 2015 டிசம்பர் 26 மாலை டாலஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட், ரௌலட் பக்கம் வந்த ஈஎஃப்-4 (டொர்னேடோவின் பலத்தை 0 முதல் 5 வரை சொல்லும் அளவு) டொர்னேடோவில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வாகனங்களில் இருந்தவர்கள், ஐ-30 நெடுஞ்சாலையும் ஜார்ஜ் புஷ் டர்ன்பைக் சாலையும் சேரும் இடத்தில். நம்மில் எத்தனையோ பேர் தினமும் கடக்கிற இடம் அது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 2.6 மைல் அகலத்துக்கு விரிந்த டொர்னேடோ 8 பேரைக் கொன்றது. எட்டுப் பேருமே வாகனங்களில் இருந்தவர்கள். ஆயுள் முழுக்க டொர்னேடோவை ஆராய்ந்த டிம் சமாராஸும் அதில் ஒருவர். அவராலேயே தப்ப முடியாததை, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ட்ராஃபிக்கில் நிற்கும் ஒரு தகப்பன் எப்படிச் செய்வார்? ஜாப்ளினில் அன்று உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழா. அது முடிந்து காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாணவரும் இறந்துபோனார்.

பாலத்துக்கு அடியில் நிறுத்தினால் பிழைக்கலாம் என்று இப்போதும் நம் ஆட்கள் சொல்கிறார்கள். 1991ல் கன்சாஸில் ஒரு டிவி குழு பாலத்துக்கு அடியில் ஒதுங்கிப் பிழைத்த வீடியோ கிளப்பிவிட்ட நம்பிக்கை அது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அதை நம்பிப் பாலங்களுக்கு அடியில் ஒதுங்கிய 3 பேர் செத்தார்கள். பாலத்தின் அடியில் காற்றின் வேகம் கூடத்தான் செய்யும், பறந்து வருகிற பொருள்கள் நேராக அங்கே வந்து அறையும்.

நமக்கு ஏன் இதெல்லாம் உறைப்பதில்லை என்று யோசித்துப் பார்த்தால், நாம் புயல் பார்த்து வளர்ந்தவர்கள் என்பது ஒரு காரணமாகத் தெரிகிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, அது மண்டலமாகி, புயலாகி, பெயர் வைத்து, துறைமுகத்தில் கூண்டு ஏற்றி, டிவியில் ரமணன் வந்து விளக்கம் சொல்லி, பள்ளிக்கு விடுமுறை விட்டு, நாமும் மெழுகுவத்தியும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருப்போம். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடக்கும் என்று நாள் கணக்கில் முன்பே பேசிக்கொண்டிருந்தோம். (அவ்வளவு முன்பே தெரிந்தும் டெல்டாவில் தென்னை எல்லாம் சாய்ந்தது வேறு கதை.) இங்கே வார்னிங்குக்கும் காற்றுக்கும் நடுவில் கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம், முன்னே பின்னே. சில சமயம் அதுவும் கிடையாது. ஐந்நூறு அறுநூறு பேர் இருக்கும் கூட்டத்தில் அந்தப் பத்து நிமிடத்தை "யார் மைக்கில் சொல்வது, தலைவரைக் கேட்டீங்களா" என்பதிலேயே செலவழித்துவிடுவோம்.

"ஏப்ரல் ஒரு மாசம்தானே" என்கிறீர்கள். இங்கே உச்சம் ஏப்ரலும் மே மாதமும்தான், நம் சித்திரைத் திருநாள் சரியாக அதன் நடுவில் வந்து விழுகிறது. ஆனால் வருஷத்தில் எந்த மாதமும் வரலாம். 2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு ஒன்பது மணி சுமாருக்கு, ஈஎஃப்-3 டொர்னேடோ வடக்கு டாலஸுக்குள்ளேயே ஏறக்குறைய 15 மைல் போனது. அடுத்த ஞாயிறு தீபாவளி. அன்று ஒரு டிவி நிலையம் கால்பந்து ஆட்டத்தின் நடுவே எச்சரிக்கை சொல்லச் சில நிமிடம் தாமதித்துவிட்டு, பிறகு நேயர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. யாரும் சாகாததே பெரிய விஷயம். 2024 மே 25 இரவு டென்டனுக்கு வடக்கே வேலி வியூ பக்கம் வந்ததில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை, 7 பேர் இறந்தார்கள். இருட்டில் வருகிற டொர்னேடோவை வாசலில் நின்று வீடியோ எடுக்கவும் முடியாது.

இதைவிடக் கவலை தமிழ்ப்பள்ளியைப் பற்றி. வாரநாளில் பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு எந்த நடைபாதைக்குப் போக வேண்டும் என்று வரைபடம் ஒட்டியிருக்கும், ஒத்திகையும் நடக்கும். வார இறுதியில் அதே மாதிரியான கட்டடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு ஒன்றும் கிடையாது. நான் எடுக்கும் வகுப்புக்கு வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று பொறுப்பாளரைக் கேட்டேன். "அதெல்லாம் பசங்களுக்கே தெரியும் டீச்சர்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்பது சித்திரை விழாவில் தெரிந்துவிட்டது! ஆறு வயதுப் பிள்ளை ஆசிரியைக்கு வழிகாட்ட வேண்டும் என்பதைச் சங்கத்தின் திட்டமாக ஏற்றுக்கொள்ள முடியாது. 2013 மே 20 அன்று ஓக்லஹோமாவின் மூர் நகரில் பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் 7 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே ஆசிரியர்களுக்கு எல்லாம் தெரியும், பிள்ளைகளைச் சரியாகத்தான் உட்கார வைத்தார்கள். காப்பறைதான் இல்லை.

காப்பறை என்று ஒன்று இருப்பதே நம் கூட்டத்தில் பேசப்படவில்லை. 1970 மே 11 அன்று மேற்கு டெக்சாஸில் லபக் நகரத்தை ஒரு டொர்னேடோ தாக்கி 26 பேர் இறந்தார்கள். அந்த ஊரிலேயே இருக்கும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் அதிலிருந்து காற்றை ஆராய ஆரம்பித்தது. பீரங்கி மாதிரி ஒரு குழாயில் 15 பவுண்டு மரச்சட்டத்தை வைத்து 100 மைல் வேகத்தில் சுவர் மேல் அடித்துப் பார்க்கிறார்கள். அந்த அடியைத் தாங்கி, 250 மைல் வேகக் காற்றுக்கும் நிற்கிற அறைக்குத்தான் காப்பறை என்று பெயர் கொடுக்க முடியும். 2015 பதிப்பிலிருந்து சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, அந்த 250 மைல் வலயத்துக்குள் கட்டும் புதிய பள்ளிகளில் இப்படி ஒரு இடம் இருக்க வேண்டும் என்கிறது. நாம் இருப்பது அந்த வலயத்துக்குள். சமீபத்தில் கட்டிய பள்ளிகளில் காப்பறை இருக்க வாய்ப்பு உண்டு. நாம் எடுப்பது பழைய கட்டடம், வாடகை கொஞ்சம் குறைவு என்பதால். எவ்வளவு குறைவு என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது, காப்பறை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா என்பது இல்லை.

அப்புறம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள். ஏப்ரலில் வந்து செப்டம்பர் வரை இருப்பவர்கள். மகனும் மருமகளும் ஆபீஸ் போன பிறகு பேரப்பிள்ளையோடு தனியாக இருப்பது அவர்கள்தான். பலருடைய கையில் இருப்பது வைஃபையில் மட்டும் ஓடுகிற பழைய போன். அதில் அரசின் அவசரச் செய்தி வரும் என்று நம்பியிருக்க முடியாது. வந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சைரன் கேட்டதும் வடாம் நனைந்துவிடுமே என்று பேட்டியோவுக்கு (வீட்டுப் பின்முற்றம்) ஓடும் பாட்டியை எனக்குத் தெரியும். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். மொட்டை மாடியில் காயப்போட்டதை அள்ளிக்கொண்டு வந்தே பழகியவர்.

அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியது ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. இங்கே களிமண் பூமி, மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், அதனால் வீடுகளில் நிலவறை அபூர்வம். பெரும்பாலான மாடி வீடுகளில் நல்ல இடம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் குளோசெட், அதாவது சாமான் வைக்கும் சின்ன அறை. நம் வீடுகளில் அது பொன்னி அரிசி மூட்டையும் சூட்கேஸும் கிரைண்டர் பெட்டியுமாக அடைந்து கிடக்கும். மார்ச் மாதமே அதைக் காலி பண்ணி வைக்க வேண்டும். அபார்ட்மென்ட்டில் மேல்தளத்தில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் ஜன்னல் இல்லாத பாத்ரூம், பாத்டப்புக்குள் உட்கார்ந்து மேலே மெத்தை. ஜன்னலைத் திறந்தால் காற்றழுத்தம் சமமாகும் என்பது பொய், திறக்கப் போகும் நேரம்தான் வீண். தலைக்கு ஹெல்மெட்: சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட், எது இருந்தாலும் சரி. காலில் ஷூ. வீட்டுக்குள் செருப்புப் போடாத நமக்கு இது மறந்தே போகும். கூரை போன வீட்டிலிருந்து வெளியே வருபவர் நடப்பது கண்ணாடி மேலும் ஆணி மேலும். பாஸ்போர்ட்டும் விசாக் காகிதமும் எப்போதும் ஒரே பையில், அந்தக் குளோசெட்டிலேயே இருக்கட்டும். வார்னிங் வந்த பிறகு பீரோவைக் குடைகிற ஆட்கள் நாம்.

நீங்கள் யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் வாங்கவில்லை. ஆனால் டிக்கெட் விற்று, பிள்ளைகளை மேடையேற்றி, கதவை மூடி உட்கார வைத்த பிறகு அந்த ஐந்நூறு அறுநூறு பேருக்குப் பொறுப்பு நீங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். "பயமுறுத்த வேண்டாம்" என்ற அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்யுங்கள். அடுத்த விழாவுக்கு அரங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், வார்னிங் வந்தால் நாம் எங்கே போவது, அங்கே எத்தனை பேர் பிடிக்கும், அந்தக் கதவுகள் விழா முடியும்வரை திறந்திருக்குமா என்பதைப் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் இடம் இல்லை என்றால் அந்த அரங்கம் வேண்டாம். காப்பறை உள்ள புதிய பள்ளியாகப் பாருங்கள். டிக்கெட்டில் இரண்டு மூன்று டாலர் ஏறினால் ஏறட்டும்.

விழாவன்று மேடை வேலை எதுவும் இல்லாத ஒருவரை வானிலைக்கென்று உட்கார வையுங்கள். முப்பது நாற்பது டாலருக்கு வானிலை ரேடியோ கிடைக்கிறது, சங்கப் பணத்தில் வாங்கி அவர் கையில் கொடுங்கள். வார்னிங் வந்தால் தலைவரையோ சிறப்பு விருந்தினரையோ கேட்காமல் நிகழ்ச்சியை நிறுத்த அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். மைக்கில் சொல்ல வேண்டிய நான்கு வரியைத் தமிழில் அச்சடித்து மேடையிலேயே ஒட்டுங்கள். சாப்பாட்டு ட்ரேக்களுக்கு அடியில் எரியும் ஜெல் விளக்கை அணைப்பது யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஓக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் அரசுப் புயல் கணிப்பு மையம் பல நாள் முன்பிருந்தே அபாய அளவை வெளியிடுகிறது. ஐந்து படிகளில் மூன்றாவதும் அதற்கு மேலும் நம் பகுதிக்கு வந்தால், முந்தின நாள் மாலையே கூடி விழாவைத் தள்ளிவைப்பதா என்று முடிவெடுப்பீர்கள் என்று விதியில் எழுதுங்கள். தள்ளிப்போனால் டிக்கெட் பணம் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பணத்துக்காகவே விழா நடக்கும்.

தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரத்திலும் ஒத்திகை வேண்டும். ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் போக வேண்டிய இடம் ஒட்டியிருக்க வேண்டும். பொறுப்பாளரிடம் நடைபாதைச் சாவி இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கான ஒரு பக்கத் தாளை நானே எழுதித் தருகிறேன், அச்சடித்துக் கொடுப்பது சங்கத்தின் வேலை. மே மாதத்துக்குள் அவர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, படத்தோடு விளக்குங்கள். காபியும் சுண்டலும் உண்டு என்று சொன்னால் வருவார்கள்.

ஆகஸ்டில் தமிழ்ப்பள்ளி திறக்குமுன் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒத்திகை இல்லை, சாவி இல்லை என்றால் அந்தக் கண்ணாடிச் சுவர் வகுப்பறையில் பிள்ளைகளை வைத்து நான் பாடம் நடத்த மாட்டேன். ஏன் என்று பெற்றோர் கேட்டால் இந்த மடலையும் உங்கள் பதிலையும் சேர்த்தே காட்டுவேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், தமிழ்ப்பள்ளித் தன்னார்வ ஆசிரியை